பத்து லட்ச ரூபா கார், நூறு ரூபா சிப்புக்காக ஏன் நிக்குது?

2021-ல அமெரிக்காவுல கென்டக்கி ஸ்பீட்வேங்கற ரேஸ் ட்ராக்கோட பார்க்கிங் கிரவுண்ட்ல ஆயிரக்கணக்குல புத்தம்புது ஃபோர்டு பிக்கப் வண்டிங்க வரிசை வரிசையா நின்னுச்சு, சாட்டிலைட் படத்துலயே தெரியுற அளவுக்கு. எஞ்சின் இருக்கு, டயர் இருக்கு, பெயின்ட் மினுமினுக்குது, ஆனா ஷோரூமுக்கு அனுப்ப முடியாது. உள்ள மாட்ட வேண்டிய கன்ட்ரோல் போர்டு ஒன்னு ரெண்டு வரல, போர்டு ஏன் வரலன்னா அதுல ஒட்ட வேண்டிய சிப் வரல, அவ்ளோதான் விஷயம்.

அதே வருஷம் செப்டம்பர்ல நம்ம நாட்டுல மாருதி சுசூகி வித்த வண்டி 86,380. அதுக்கு முந்தின வருஷம் அதே செப்டம்பர்ல 1,60,442. இத்தனைக்கும் 2020 செப்டம்பர் கொரோனா நடுவுல இருந்த மாசம், அதை விடவும் கிட்டத்தட்ட பாதியா விழுந்துச்சு. வாங்க ஆள் இல்லாமயா? அந்த சமயத்துல அவங்ககிட்ட டெலிவரி கொடுக்க முடியாம கெடந்த புக்கிங் மட்டுமே 2 லட்சத்துக்கு மேல. ஜூலைல இருந்து செப்டம்பர் வரைக்கும் மூணு மாசத்துல எலக்ட்ரானிக் பார்ட்ஸ் கிடைக்காம செய்ய முடியாமப் போன வண்டி 1.16 லட்சம்னு அவங்களே கணக்கு சொன்னாங்க. காசு வச்சுக்கிட்டு ஆள் நிக்குது, ஃபேக்டரி இருக்கு, தொழிலாளி இருக்காரு, வண்டி மட்டும் வரல.

இது எப்படி நடக்குதுன்னு எலக்ட்ரானிக்ஸ் எதுவும் தெரியாதவங்களுக்கும் புரியுற மாதிரி சொல்லிப் பாக்கறேன். மொதல்ல காருக்குள்ள சிப் எங்கெங்க இருக்குன்னு பாத்துட்டா பாதி புரிஞ்சிடும்.

சாவில இருக்குற பட்டனை அமுக்குறீங்க, அந்தச் சாவிக்குள்ளயே ஒரு குட்டி சிப் இருக்கு, அது ரேடியோ சிக்னல் அனுப்புது. வண்டில இருக்குற ரிசீவர் அதைப் புடிச்சு, இது நம்ம ஓனரோட சாவிதானான்னு கோடு சரி பாத்து, பாடி கன்ட்ரோல் மாட்யூலுக்கு சொல்லுது, அது நாலு கதவுக்கும் லாக்கைத் திறன்னு சொல்லுது, இண்டிகேட்டரை ரெண்டு தடவை மின்ன வைக்குது. உள்ள உக்காந்து ஸ்டார்ட் பண்ணா எஞ்சின் ஈசியு, அதாவது எஞ்சினை நடத்துற குட்டிக் கம்ப்யூட்டர், முழிச்சுக்குது, எந்த சிலிண்டர்ல எந்த நொடில எவ்ளோ பெட்ரோல் தெளிக்கணும்னு ஒவ்வொரு சுத்துக்கும் கணக்குப் போடுறது அதுதான். ஸ்டியரிங் லேசா இருக்குன்னா அதுக்கு ஒரு மோட்டார், அந்த மோட்டாருக்கு ஒரு சிப். பிரேக் அழுத்தினா சக்கரம் வழுக்காம பாத்துக்குற ஏபிஎஸ், ஏர்பேக், ஏசி, பவர் விண்டோ, வைப்பர், ஸ்பீடோமீட்டர், பார்க்கிங் சென்சார், டயர் காத்து எவ்ளோன்னு சொல்ற சென்சார், எல்லாத்துக்கும் தனித்தனியா சிப் இருக்கு. இன்னைக்கு வர்ற சாதாரண காருக்குள்ளயே சின்னதும் பெருசுமா ஆயிரத்துக்கு மேல இருக்கும், பெரிய வண்டின்னா 3,000 வரைக்கும் போகும்.

இதுல பாதிக்கு மேல நமக்குப் பேரே தெரியாத ஐட்டம். கரண்டை ஆன் ஆஃப் பண்ற டிரான்சிஸ்டர், கரண்டு ஒரு பக்கம் மட்டும் போக விடுற டையோடு, வோல்டேஜைக் கொறைச்சுக் கொடுக்குற சிப், அப்புறம் சின்ன சின்ன வேலைக்கு மைக்ரோகன்ட்ரோலர்ங்கற குட்டிக் கம்ப்யூட்டர் சிப். சிலது நம்ம காசுக்கு ஒரு ரூபா ரெண்டு ரூபா, சிலது நூறு, எரநூறு, கொஞ்சம் பெருசுன்னா ஆயிரம். ஆனா ஏர்பேக் சிப் இல்லாம வண்டியை விக்க சட்டம் விடாது, எஞ்சின் ஈசியு இல்லாம வண்டி நகராது. 2,999 சிப் வந்து ஒன்னு வரலைன்னாலும் அந்த வண்டி அப்படியே நிக்க வேண்டியதுதான்.

இங்கதான் நெறைய பேர் குழப்பிக்கிறாங்க. சிப் பஞ்சம்னதும் ஏதோ அதிநவீன சிப் கிடைக்கலன்னு நினைக்கிறாங்க. அது இல்ல. 2020-ல வந்த ஐபோன் 12-ல இருந்தது 5 நானோமீட்டர் டெக்னாலஜி சிப். கார்ல போறது பெரும்பாலும் 40, 55, 90, 130 நானோமீட்டர், அதுக்கும் பழசு கூட உண்டு. நானோமீட்டர் நம்பர் கொறைய கொறைய புது டெக்னாலஜின்னு வச்சுக்குங்க. அதாவது கார்க்காரங்க கேக்குறது பதினஞ்சு இருபது வருஷத்துக்கு முந்தின டெக்னாலஜி. பழசுதானே, ஈசியா கிடைக்கணுமே? பழசுங்கறதுதான் பிரச்சினையே. இந்தப் பழைய சிப் செய்யுற லைன் எல்லாம் எப்பவோ போட்ட முதலீடு, மெஷின் பழசு, ஒரு சிப்புல கிடைக்குற லாபம் கம்மி. புதுசா ஃபேக்டரி கட்டணும்னா ஆயிரக்கணக்கான கோடி வேணும், அவ்ளோ காசு போடுறவன் மொபைலுக்கும் சர்வருக்கும் போற புது சிப்புக்குத்தான் போடுவான், வைப்பர் மோட்டார் சிப்புக்கு எவன் போடுவான் சொல்லுங்க. அதனால பழைய டெக்னாலஜில கையில இருக்குற லைன் எவ்ளோவோ அவ்ளோதான், டிமாண்ட் திடீர்னு ஏறினா ஈடு கொடுக்க வழியே கிடையாது.

சரி, காசு கொடுத்து சீக்கிரம் செய்யச் சொல்ல முடியாதான்னு கேப்பீங்க. முடியாது. சிப் செய்யுறது மெதுவான வேலை. சிலிக்கான் வேஃபர்னு ஒரு வட்டத் தகடு, அது மேல ரசாயனம் பூசி, லைட் அடிச்சு டிசைன் பதிச்சு, அரிச்சு, கழுவி, திரும்பப் பூசி, திரும்ப லைட் அடிச்சுன்னு நூத்துக்கணக்குல ஸ்டெப் இருக்கு, தூசி ஒன்னு விழுந்தா அந்த இடத்துல இருக்குற சிப் போச்சு. இது முடியவே மூணு மாசம் ஆகும். அப்புறம் அந்தத் தகட்டை துண்டு துண்டா வெட்டி, கறுப்பு பிளாஸ்டிக் கூட்டுக்குள்ள வச்சு, கால் ஒட்டி, டெஸ்ட் பண்ணணும், இந்த பேக்கேஜிங் வேலை பெரும்பாலும் வேற நாட்டுல நடக்கும், மலேசியா, சீனா, தைவான்னு. மொத்தத்துல இன்னைக்கு ஆர்டர் போட்டா சிப் கையில வர நாலு மாசம், நல்ல காலத்துலயே அப்படி. 2021, 2022-ல அது அரை வருஷத்தைத் தாண்டிப் போச்சு, சில ஐட்டத்துக்கு ஒரு வருஷமே ஆச்சு.

வேற கம்பெனி சிப்பை வாங்கி மாட்டிக்கலாமேன்னா அதுவும் லேசுல நடக்காது. காருக்குப் போற சிப் மைனஸ் 40 டிகிரி குளிர்லயும் வேலை செய்யணும், எஞ்சின் பக்கத்துல 125 டிகிரி சூட்டுலயும் வேலை செய்யணும், பத்து பதினஞ்சு வருஷம் ஆட்டத்துலயும் அதிர்வுலயும் தாங்கணும். அதுக்கு ஏஈசி-க்யூ100ன்னு தனி டெஸ்ட் வரிசையே இருக்கு. சிப்பை மாத்தினா போர்டு டிசைன் மாறும், சாஃப்ட்வேர் மாறும், திரும்ப டெஸ்ட் பண்ணணும், ஏர்பேக் பிரேக் மாதிரி விஷயம்னா இன்னும் கெடுபிடி. மாசக்கணக்குல இழுக்குற வேலை. டெஸ்லா மட்டும் 2021-ல வேற வேற மைக்ரோகன்ட்ரோலருக்கு சாஃப்ட்வேரை வேகமா திருப்பி எழுதி ஓரளவு தப்பிச்சாங்க, ஏன்னா அவங்க அந்த சாஃப்ட்வேரை பெரும்பாலும் உள்ளயே எழுதுறாங்க. மத்த கம்பெனிங்க அந்த போர்டையே வெளில இருந்துதான் வாங்குறாங்க.

இந்த "வெளில இருந்து" விஷயத்தைக் கொஞ்சம் விளக்கணும். கார் கம்பெனி பாஷ், டென்சோ, கான்டினென்டல் மாதிரி பார்ட்ஸ் கம்பெனிகிட்ட ஏபிஎஸ் யூனிட்டையோ ஈசியுவையோ முழுசா வாங்கும். பாஷ் மாதிரி ஆளுங்க இன்ஃபினியான், என்எக்ஸ்பி, ரெனேசாஸ், எஸ்டிமைக்ரோ மாதிரி சிப் கம்பெனிகிட்ட வாங்குவாங்க. இந்த சிப் கம்பெனிங்க கொஞ்சத்தைத் தங்களோட சொந்த ஃபேக்டரில செய்வாங்க, மீதியை தைவான்ல இருக்குற டிஎஸ்எம்சி மாதிரி கான்ட்ராக்டர்கிட்ட கொடுத்து செய்வாங்க. ஆக கார் கம்பெனிக்கும் சிப் அச்சடிக்கிற மெஷினுக்கும் நடுவுல ரெண்டு மூணு கை இருக்கு. 2021-க்கு முன்னாடி, தன்னோட வண்டில எந்த சிப் எந்த ஊர் ஃபேக்டரில இருந்து வருதுன்னு பல கார் கம்பெனிக்கு தெளிவா தெரியாது, தெரிஞ்சுக்க அவசியமும் வரல.

இதுக்கு மேல ஜஸ்ட்-இன்-டைம் பழக்கம். பார்ட்ஸை கோடவுன்ல அடுக்கி வைக்காம, வேணுங்குறப்போ வேணுங்குற அளவு லாரி வந்து இறக்கிட்டுப் போறது. டொயோட்டா கண்டுபிடிச்ச முறை, உலகமே காப்பியடிச்சது. ஸ்டாக்ல காசு முடங்காது, கணக்குப் புத்தகத்துல பாக்க ரொம்ப அழகா இருக்கும். வரத்து நிக்காத வரைக்கும்.

இப்போ 2020-க்கு வருவோம். மார்ச், ஏப்ரல்ல லாக்டவுன். கார் ஷோரூம் எல்லாம் மூடிக் கெடக்கு, இனி ஒரு வருஷத்துக்கு யாரு கார் வாங்கப் போறான்னு நினைச்சு கார் கம்பெனிங்க பார்ட்ஸ் ஆர்டரை வெட்டினாங்க, பார்ட்ஸ் கம்பெனி சிப் ஆர்டரை வெட்டுச்சு. அதே நேரம் வீட்டுல உக்காந்த ஜனங்க லேப்டாப், டேப்லெட், வைஃபை ரவுட்டர், டிவி, கேம் கன்சோல்னு வாங்கித் தள்ளுனாங்க, சிப் ஃபேக்டரில காலியான இடத்தை எல்லாம் அதுக்குப் போற சிப்பு நிரப்பிடுச்சு. யாரும் எதிர்பார்க்காத விதமா ஜூன், ஜூலைக்கு அப்புறம் கார் வியாபாரம் எழுந்துடுச்சு, பஸ் ட்ரெய்ன்ல போக பயந்து சொந்த வண்டி வாங்க வந்தவங்களும் அதுல சேர்த்தி. கார் கம்பெனிங்க திரும்ப வந்து சிப் கேட்டாங்க.

சிப் ஃபேக்டரில இடம் புடிக்கிறது தை மாசத்துக்குக் கல்யாண மண்டபம் புடிக்கிற மாதிரி. ஆறு மாசம் முன்னாடியே அட்வான்ஸ் போட்டு வச்சிருந்த தேதியை நீங்களே கேன்சல் பண்ணிட்டு, பொங்கல் முடிஞ்சு வந்து அதே மண்டபம் வேணும்னு நின்னா, மேனேஜர் டைரியைப் புரட்டிட்டு வைகாசிக்கு வாங்கன்னுதான் சொல்லுவாரு, கூடக் காசு தர்றேன்னாலும் மேடையில இருக்குற ஜோடியை இறக்க முடியுமா.

இன்னொரு விஷயம், கார் கம்பெனி தன்னை ரொம்பப் பெரிய ஆளா நினைச்சுக்கிட்டு இருந்துச்சு. இரும்புக் கம்பெனி, டயர் கம்பெனி முன்னாடி அவங்க பெரிய ஆள்தான். ஆனா 2020-ல டிஎஸ்எம்சியோட மொத்த வருமானத்துல கார் சிப்போட பங்கு 3 சதவீதம், மொபைல் போன் பாதிக்குக் கொஞ்சம் கம்மி. யாரு ஃபோனை மொதல்ல எடுப்பாங்க? எனக்கென்னவோ இந்தக் கதையில எல்லாரும் தீ விபத்து, வறட்சின்னு பேசுறாங்க, ஆனா பெரிய ஓட்டை இதுதான். வரிசையில நின்ன இடத்தை தாங்களே விட்டுட்டு, திரும்ப வந்தா மொதல் ஆளா நிறுத்துவாங்கன்னு நம்புனது.

2020 டிசம்பர்ல ஃபோக்ஸ்வேகன் சிப் இல்லாம உற்பத்தியைக் கொறைக்கப் போறோம்னு சொன்னப்போதான் வெளிய தெரிய ஆரம்பிச்சுது. ஜனவரில ஃபோர்டு, ஹோண்டா, நிசான். அதுக்கு மேல விதி வேற சேந்து விளையாடுச்சு. பிப்ரவரி 2021-ல டெக்சாஸ்ல பனிப்புயல், கரண்ட் போச்சு, ஆஸ்டின்ல இருக்குற சாம்சங், என்எக்ஸ்பி, இன்ஃபினியான் ஃபேக்டரிங்க மூட வேண்டியதாச்சு. சிப் ஃபேக்டரில கரண்ட் போனா, திரும்ப வந்ததும் ஸ்விட்சைப் போட்டு ஓட்ட முடியாது, பாதில நின்ன வேஃபர் எவ்ளோ வீணாச்சுன்னு பாக்கணும், தூசியே இல்லாம வச்சிருக்குற கிளீன் ரூமை சுத்தம் பண்ணணும், ஒவ்வொரு மெஷினையும் திரும்ப செட் பண்ணணும், வாரக்கணக்குல ஆகும். அதே சமயம் தைவான்ல அம்பது வருஷத்துல இல்லாத வறட்சி, சிப் கழுவ நல்ல தண்ணி ஏராளமா வேணும், டிஎஸ்எம்சி லாரில தண்ணி அடிச்சாங்க. தண்ணி லாரி நம்ம சென்னைக்காரங்களுக்கு மட்டும் எழுதி வச்சது இல்ல போல.

மார்ச் 19-ம் தேதி ஜப்பான்ல நாகாங்கற ஊர்ல ரெனேசாஸ் ஃபேக்டரில தீ. ரெனேசாஸ் உலகத்துல கார்களுக்குப் போற மைக்ரோகன்ட்ரோலர்ல கிட்டத்தட்ட மூணுல ஒரு பங்கு செய்யுற கம்பெனி. எரிஞ்சது ஒரு கட்டடத்துல கொஞ்ச இடம், சில மெஷின்கள்தான், ஆனா புகைக்கரி கிளீன் ரூம் முழுக்கப் பரவிடுச்சு. ஏப்ரல் பாதிலதான் திரும்ப ஓட ஆரம்பிச்சுது, பழைய அளவுக்கு வர ஜூன் ஆச்சு. இதே நாகா ஃபேக்டரிதான் 2011 பூகம்பத்துலயும் அடி வாங்கி மாசக்கணக்குல நின்னுச்சு, அப்போ ஜப்பான் கார் கம்பெனிங்க எல்லாம் தவிச்சுது.

அந்த 2011-ல பாடம் கத்துக்கிட்டது டொயோட்டா மட்டும்தான்னு சொல்லலாம். ஜஸ்ட்-இன்-டைமைக் கண்டுபிடிச்சதே அவங்க, ஆனா வர லேட்டாகுற பார்ட்ஸ் எதுன்னு லிஸ்ட் எடுத்து, சிப்பை மட்டும் ரெண்டுல இருந்து ஆறு மாசத்துக்கு ஸ்டாக் வச்சுக்கச் சொல்லி சப்ளையர்கிட்ட ஏற்பாடு பண்ணி வச்சிருந்தாங்க. அதனால 2021 மொத அரை வருஷம் மத்தவன் எல்லாம் லைனை நிறுத்துறப்போ அவங்க ஓட்டுனாங்க. அமெரிக்காவுல 1931-ல இருந்து நம்பர் ஒன்னா இருந்த ஜெனரல் மோட்டார்ஸை 2021-ல விற்பனைல தாண்டுனதும் டொயோட்டாதான். ஆனா அந்த ஸ்டாக்கும் கரைஞ்சுது. டெல்டா அலைல மலேசியா, வியட்நாம் எல்லாம் லாக்டவுன் ஆச்சு, மலேசியாவுல மூவார்ல எஸ்டிமைக்ரோ ஆலை, மலாக்காவுல இன்ஃபினியான் ஆலைன்னு பேக்கேஜிங் பண்ற இடங்கள்ல தொழிலாளர்களுக்குக் கொரோனா வந்து வேலை நின்னு நின்னு நடந்துச்சு. உலகத்துல சிப் பேக்கேஜிங், டெஸ்டிங்ல 13 சதவீதம் அந்த ஒரு நாட்டுல நடக்குது. செப்டம்பருக்கு டொயோட்டா போட்ட உலக உற்பத்தித் திட்டத்துல 40 சதவீதத்தை வெட்டுனாங்க. மேல சொன்ன மாருதி கணக்கும் அதே செப்டம்பர்தான், மஹிந்திராவும் அந்த மாசம் ஏழு நாள் போல ஃபேக்டரியை ஓட்டாம விட்டாங்க. சிப் தைவான்லயோ ஜெர்மனிலயோ பொறந்தாலும் கடைசியா கூடு மாட்டுற இடம் மூடிக் கெடந்தா வண்டிக்கு வராது.

பஞ்சம்னு தெரிஞ்சதும் அடுத்து என்ன நடக்கும்? பத்து வேணுங்குறவன் இருபது ஆர்டர் போடுவான், மூணு இடத்துல போடுவான், எங்கயாவது கிடைக்கட்டும்னு. சிப் கம்பெனிக்கு நிஜமான தேவை எவ்ளோ, பயத்துல போட்டது எவ்ளோன்னு புரியாது. இருக்குற பஞ்சத்தை விட காகிதத்துல பஞ்சம் பெருசாத் தெரியும். புரோக்கர்கள் வேற உள்ள வந்தாங்க, சாதாரணமா சில நூறுக்கு வர்ற சிப்பை பல மடங்கு விலைக்கு வித்தாங்க.

இப்போ கார் ஃபேக்டரிக்குள்ள போங்க. கையில பத்தாயிரம் சிப்தான் இருக்கு, தேவை இருபதாயிரம். எந்த வண்டிக்குக் கொடுப்பீங்க? லாபம் அதிகம் வர்ற பெரிய எஸ்யூவிக்குத்தான். அதனாலதான் உலகம் முழுக்க மொதல்ல காணாமப் போனது சின்ன கார், பேஸ் மாடல். அடுத்து, எதைக் கழட்டிட்டு வண்டியை அனுப்பலாம்னு யோசிப்பாங்க. பெஜோ 308-ல டிஜிட்டல் ஸ்பீடோமீட்டரை எடுத்துட்டு பழைய முள்ளு மீட்டர் வச்சாங்க. ஜெனரல் மோட்டார்ஸ் சில வண்டில சூடாகுற சீட்டை எடுத்துட்டு, சிப் வந்ததும் மாட்டித் தர்றோம்னாங்க. பிஎம்டபிள்யூ சில மாடல்ல டச் ஸ்கிரீனை எடுத்துச்சு. 2022 அக்டோபர்ல டொயோட்டா ஜப்பான்ல புது காருக்கு ஒரு ஸ்மார்ட் கீ, இன்னொன்னு சாதாரண இரும்புச் சாவின்னு கொடுக்க ஆரம்பிச்சாங்க, சாவிக்குள்ள இருக்குற சிப்பைக் கூட மிச்சம் புடிக்க வேண்டிய நிலைமை. நம்ம சென்னை பக்கம் வண்டி செய்யுற ராயல் என்ஃபீல்டு 2022-ல மீட்டியார், ஹிமாலயன் பைக்ல கூடவே வந்துக்கிட்டு இருந்த வழி காட்டுற டிரிப்பர் நேவிகேஷன் வட்டத்தை எடுத்துட்டு ஆப்ஷனா மாத்தி, விலையில 5,000 ரூபா கொறைச்சாங்க. நேர்மையான வேலைன்னுதான் சொல்லணும், ஃபீச்சரைத் தூக்கிட்டு விலையைத் தொடாத கம்பெனிகளும் இருந்துச்சு.

விற்பனை பக்கம் இது எப்படி வந்து விழுந்துச்சுன்னு பாத்தா, மொதல்ல வெயிட்டிங். 2021 அக்டோபர்ல மஹிந்திரா எக்ஸ்யூவி 700 புக்கிங் திறந்தாங்க, 57 நிமிஷத்துல 25,000 புக்கிங். அந்த மொத 25,000 பேருக்கு அறிமுக விலை, அடுத்தவங்களுக்கு ஏத்திட்டாங்க, அப்பவும் மறுநாள் ரெண்டு மணி நேரத்துல இன்னொரு 25,000. டாப் வேரியன்ட் சிலதுக்கு வெயிட்டிங் ஒன்றரை வருஷத்தைத் தாண்டுச்சு. எனக்குத் தெரிஞ்ச ஒருத்தர் வீட்டுல வளைகாப்புக்கு முன்னாடி ஒரு எஸ்யூவி புக் பண்ணாங்க, பிள்ளை தத்தித் தத்தி நடக்க ஆரம்பிச்ச அப்புறம்தான் டெலிவரி ஆச்சு, ஷோரூம்ல எடுத்த போட்டோல அவன்தான் சாவியைப் புடிச்சுக்கிட்டு நிக்கிறான்.

அடுத்தது தள்ளுபடி. ஷோரூம்ல வண்டி தேங்கிக் கெடந்தாதான் டீலர் எறங்கி வருவாரு, இன்சூரன்ஸ் ஃப்ரீ, ஆக்சசரீஸ் ஃப்ரீ, எக்ஸ்சேஞ்ச் போனஸ்னு. ஸ்டாக்கே இல்லாதப்போ எதுக்கு எறங்கணும்? அமெரிக்காவுல இதை விட மோசம், அங்க டீலர் கம்பெனி சொன்ன விலைக்கு மேல ஆயிரக்கணக்குல டாலர் வச்சு வித்தாங்க. புது வண்டி கிடைக்காதவன் பழைய வண்டிக்குப் போனான், 2022 ஜனவரில அங்க செகண்ட் ஹேண்ட் கார் விலை ஒரு வருஷத்துல 40 சதவீதம் ஏறியிருந்துச்சு. ரெண்டு மூணு வருஷம் ஓட்டின வண்டியை வாங்கின விலைக்கே வித்தவங்க உண்டு. அந்த நாட்டோட பணவீக்கத்தையே இழுத்து மேல கொண்டு போனதுல பழைய காருக்கு நல்ல பங்கு இருந்துச்சு, யோசிச்சுப் பாருங்க, ஜப்பான்ல ஒரு மெஷின்ல புடிச்ச தீ அமெரிக்காக்காரன் பழைய கார் வாங்குற விலையில தெரியுது.

இதுல கசப்பான ஒரு விஷயம் இருக்கு. ஆலோசனை நிறுவனம் அலிக்ஸ்பார்ட்னர்ஸ் 2021-ல உலகம் முழுக்க 77 லட்சம் வண்டி உற்பத்தி போகும், 21,000 கோடி டாலர் வருமானம் போகும்னு கணிச்சுது. கேட்டா கார் கம்பெனிங்க எல்லாம் தெருவுக்கு வந்திருக்கும்னு தோணும். ஆனா அந்த வருஷம் ஜெனரல் மோட்டார்ஸ் லாபம் 1,000 கோடி டாலர். மெர்சிடிஸ் கொறைச்ச கார் வித்து நல்ல லாபம் பாத்துச்சு. கம்மியா செஞ்சு, வெலை கூடின மாடலை மட்டும் செஞ்சு, தள்ளுபடி இல்லாம வித்தா லாபம் கொறையாதுன்னு அவங்களுக்கே அப்போதான் புரிஞ்சுது. எல்லாருக்கும் இப்படி இல்ல, சின்ன கார் வித்துப் பொழைக்கிற மாருதிக்கு அந்த ஜூலை-செப்டம்பர் லாபம் 1,372 கோடில இருந்து 475 கோடிக்கு விழுந்துச்சு, இரும்பு விலை ஏறினதும் அதுல சேர்த்தி. நடுவுல அடிபட்டது யாருன்னா கான்ட்ராக்ட் தொழிலாளியும், சின்ன பார்ட்ஸ் பட்டறையும்தான். சிப் இல்லைன்னு கார் லைன் நின்னா, அந்தக் காருக்கு போல்ட்டும் ரப்பர் புஷ்ஷும் செய்யுற ஆளுக்கும் அன்னைக்கு வேலை இல்ல, அவருக்கும் சிப்புக்கும் எந்த சம்பந்தமும் இல்லைன்னாலும்.

2023-ல நிலைமை பெருமளவு சரியாச்சு. அதோட முடிஞ்சுதுன்னு நினைச்சப்போ 2025 செப்டம்பர் கடைசில நெக்ஸ்பீரியா பிரச்சினை வந்துச்சு. நெக்ஸ்பீரியா நெதர்லாந்துல இருக்குற சிப் கம்பெனி, ஓனர் சீனாவோட விங்டெக். நெதர்லாந்து அரசாங்கம் 1952-ல போட்ட ஒரு பழைய சட்டத்தை எடுத்து கம்பெனி முடிவுகளைத் தன் கட்டுப்பாட்டுல கொண்டு வந்துச்சு, சில நாள்லயே சீனா அங்க பேக்கேஜிங் ஆகுற நெக்ஸ்பீரியா சிப்பை வெளிய போக விடாம தடுத்துச்சு. இவங்க செய்யுறது என்ன? டையோடு, டிரான்சிஸ்டர், அதே சில பைசா, சில ரூபா ஐட்டம். ஐரோப்பாவுல செஞ்ச வேஃபர்ல பெரும்பகுதி சீனாவுல டோங்குவான்ல போய்தான் சிப்பா மாறுது. அக்டோபர் கடைசில ஹோண்டா மெக்சிகோ ஃபேக்டரியை நிறுத்துச்சு, அமெரிக்கா கனடாவுலயும் உற்பத்தியைக் கொறைச்சுது. இந்தத் தடவை தீயும் இல்ல, வறட்சியும் இல்ல, ரெண்டு அரசாங்கம் போட்ட கையெழுத்து மட்டும்தான்.

என்ன மாறியிருக்குன்னா, கார் கம்பெனிங்க இப்போ நடுவுல இருக்குற கைகளைத் தாண்டி நேரா பேசுறாங்க. 2023-ல ஜெனரல் மோட்டார்ஸ் குளோபல்ஃபவுண்ட்ரீஸ்ங்கற சிப் செய்யுற கம்பெனிகிட்ட தனக்குன்னு ஃபேக்டரில இடம் ஒதுக்கி ஒப்பந்தம் போட்டுச்சு. ஜப்பான்ல குமாமோட்டோல டிஎஸ்எம்சி கட்டின ஃபேக்டரில டென்சோ பங்கு வச்சிருக்கு, ஜெர்மனில டிரெஸ்டன்ல கட்டுறதுல பாஷ், இன்ஃபினியான், என்எக்ஸ்பி எல்லாம் கூட்டு. அமெரிக்கா 2022-ல 5,000 கோடி டாலருக்கு மேல ஒதுக்கி சட்டம் போட்டுச்சு. இந்தியா 2021 டிசம்பர்ல 76,000 கோடி ரூபா திட்டம் அறிவிச்சுது, அதுல குஜராத் தொலேராவுல டாட்டாவும் தைவானோட பிஎஸ்எம்சிங்கற சிப் கம்பெனியும் சேந்து கட்டுற ஃபேக்டரி 28-ல இருந்து 110 நானோமீட்டர் வரைக்கும், அதாவது கார்க்காரங்களுக்கு வேணுங்குற அதே பழைய ரகம். சிலர் உலகம் 2 நானோமீட்டருக்குப் போறப்போ நாம 28-ஆன்னு கிண்டல் பண்றாங்க, இவ்ளோ தூரம் படிச்சவங்களுக்கு அந்தக் கிண்டல் எவ்ளோ தப்புன்னு தெரிஞ்சிருக்கும். பேக்கேஜிங்குக்கு அசாம்ல ஜாகிரோடுல டாட்டா, குஜராத் சனந்துல நம்ம முருகப்பா குழுமத்தோட சிஜி பவர் ரெனேசாஸோட கூட்டு சேந்து ஒன்னு. ஆனா ஒரு ஃபேக்டரி கட்டி, கார் கம்பெனி டெஸ்ட் பண்ணி ஏத்துக்கிட்டு, வண்டிக்குள்ள போறதுக்கு வருஷக்கணக்குல ஆகும், அடுத்த மாச வெயிட்டிங்குக்கு அது உதவாது.

அதனால இப்போ வண்டி புக் பண்ற ஐடியால இருந்தா, ரெண்டு விஷயம் கேட்டுக்குங்க. ஒன்னு, வெயிட்டிங் எந்த வேரியன்ட்டுக்கு எவ்ளோன்னு தனித்தனியா கேளுங்க, சிப் தட்டுப்பாடு சமயத்துல ஒரே மாடல்ல நடு வேரியன்ட் ரெண்டு மாசத்துல வரும், சன்ரூஃப் கேமரா ரேடார்னு எல்லாம் போட்ட டாப் வேரியன்ட் பத்து மாசம் ஆகும். இன்னொன்னு, புக்கிங் ஃபார்ம்ல பின்னாடி பொடி எழுத்துல பெரும்பாலும் டெலிவரி அன்னைக்கு இருக்குற விலைதான்னு போட்டிருப்பாங்க, நடுவுல ரெண்டு தடவை விலை ஏறினா அது உங்க தலைலதான். ஏதாவது ஃபீச்சரை "அப்புறம் மாட்டித் தர்றோம்"னு சேல்ஸ் ஆளு சொன்னா, எந்தத் தேதிக்குள்ள, காசு இல்லாமலான்னு பில்லு மேலயே எழுதி சீல் வச்சு வாங்கிக்குங்க.